பைண்டிங் கடைப் பையன் படித்த வேதியியல்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரகடத்தில் பெயிண்ட் ஷாப் லேபில் அப்ரண்டிஸ் வேலை, வடக்குப்பட்டில் வாடகை அறை. பாஸ்பேட் தொட்டியில் சாம்பிள் எடுத்து, பியூரெட்டைத் திறந்து, பினாப்தலீன் இளஞ்சிவப்பாகும் நொடிக்குக் காத்திருக்கிறாய். அளவை ரிஜிஸ்டரில் எழுதியதும் அடுத்த சாம்பிள் வந்துவிடுகிறது. நிறம் ஏன் மாறுகிறது என்று கேட்க நேரமில்லை. அப்படிக் கேட்கும் ஆசை மங்காமல் இருக்க, பழைய வேதியியல் புத்தகம் ஒன்றைக் கையில் எடு.

லண்டனில் 1805-இல் கொல்லர் வீட்டுப் பையன் ஒருவன் பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தான். தைக்க வந்த புத்தகங்களைப் படித்தான். அவற்றில் ஒன்று, ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்கள். ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வதுபோல் அமைந்த நூல். படித்ததோடு விடாமல், கைக்காசுக்குள் அடங்கிய சிறு சோதனைகளைச் செய்து பார்த்தான். நூலில் சொன்னபடியே நடந்தது. 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் உதவியாளராகச் சேர்ந்த மைக்கேல் பாரடே அவன்தான்.

பழைய நூலில் தவறு இருக்குமே என்பாய். இருக்கும். வேதியியலாளர் லவாய்சியர் 1789-இல் வெளியிட்ட தனிமப் பட்டியலில் ஒளியும் வெப்பமும்கூட இடம்பெற்றன. கூட்டுப்பொருள் என்று நம்பப்பட்ட குளோரினைத் தனிமம் என்று 1810-இல் நிறுவியவர் டேவி. இன்றைய பாடநூல் முடிவை மட்டும் தருகிறது. அந்த முடிவுக்கு வர மனிதர்கள் பட்ட பாட்டைப் பழைய நூலில்தான் பார்க்கலாம். அதன் ருசியே அதுதான்.

தமிழிலும் அந்தப் பாடு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியில் ‘கெமிஸ்தம்’ என்ற வேதியியல் நூல் 1875-இல் அச்சேறியது.

தொடங்குவதற்கு ஏற்றது, மெழுகுவர்த்தியைப் பற்றிப் பாரடே சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு உரைகள். 1861-இல் நூலாயிற்று, இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் கண்ணாடிக் குழாயைச் செருகி, மறுமுனையில் வந்த ஆவியைப் பற்றவைத்தார். அங்கும் ஒரு சுடர் எழுந்தது! எரிவது மெழுகின் ஆவிதான் என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, சுடருக்குச் சற்று மேலே பிடி. அடியில் பனிபோல் ஈரம் படியும். அது டம்ளரிலிருந்து கசிந்ததா, காற்றிலிருந்து வந்ததா, சுடரிலிருந்து பிறந்ததா? உன் விடையை நோட்டில் எழுதிவைத்துவிட்டு, பிறகு பாரடேயைப் படி.

அன்புடன்,
உன் அண்ணன்