உடலின் காவற்படை

மனித உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். வலப்புற விலா எலும்புகளின் கீழே அமைந்த அவ்வுறுப்பு, உணவின் சத்தைச் சேமித்தும், குருதியிற் கலந்த நஞ்சை முறித்தும், பித்தநீரைச் சுரந்தும் ஓயாது தொழிற்படுகிறது. நல்ல நிலையிலுள்ள கல்லீரலில் மூன்றில் இரு பங்கை வெட்டி நீக்கினாலும், அது மீண்டும் வளரும். அத்தகைய ஆற்றல் வாய்ந்த உறுப்பையும் அழிக்க வல்லது புற்றுநோய்.

மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி என்னும் வைரசுகளும், மதுவும், பூஞ்சை பிடித்த தானியங்களில் உண்டாகும் நஞ்சும் இந்நோய்க்குக் காரணங்களாகும். நோய்க்கட்டியை அறுவை மருத்துவர் அகற்றிய பின்னரும் பலருக்கு அது மீண்டும் தோன்றுகிறது. களையைப் பறித்தாலும் அதன் விதை மண்ணில் தங்கிவிடுதல் போன்றது இது.

எஞ்சிய நோயணுக்களை அழிப்பது எவ்வாறு? நம் குருதியில் உள்ள வெள்ளணுக்கள் உடலின் காவற்படையாகும். வெளியிலிருந்து புகும் கிருமிகளை அவை எளிதில் இனங்கண்டு தாக்கும். புற்றுநோயணுவோ அயலான் அன்று. உடலிலேயே பிறந்து நெறி தவறியது. ஆதலின் காவலர் அதனைக் காணாது விடுவதும் உண்டு. அக்காவலரை வெளியே எடுத்துப் பெருக்கி, வலிமையூட்டித் திருப்பி அனுப்பினால் என்ன என்று அறிஞர் எண்ணினர்.

1992 முதல் 1995 வரை ஜப்பான் நாட்டில், அறுவை முடிந்த 150 நோயாளரிடையே இவ்வெண்ணம் சோதிக்கப்பட்டது. விருப்பு வெறுப்புக்கு இடமின்றி, குலுக்கல் முறையை ஒத்த வகையில் அவர்கள் இரு பிரிவினராக்கப்பட்டனர். 76 பேரிடமிருந்து குருதி எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களுள் ஒரு வகையினவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, ஆறு திங்களுக்குள் ஐந்து முறை அவரவர் உடலிலேயே செலுத்தினர். ஒருவருக்குச் செலுத்திய அணுக்கள் சராசரியாக ஏறத்தாழ 7,000 கோடி! மற்ற 74 பேருக்கு இம்மருத்துவம் அளிக்கப்படவில்லை.

முடிவுகள் 2000ஆம் ஆண்டில் வெளியாயின. மருத்துவம் பெறாதவருள் நூற்றுக்கு 77 பேருக்கு நோய் மீண்டது. பெற்றவருள் நூற்றுக்கு 59 பேருக்கே மீண்டது. ஆயினும் இரு பிரிவினரின் வாழ்நாளில் உறுதியாகக் கூறத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வெற்றியை எழுதிய ஆய்வாளர் இக்குறையையும் மறையாது எழுதினர்.

அவ்வுண்மையே பின்வந்தோரை ஊக்கியது. தென்கொரிய மருத்துவர் 230 நோயாளரிடம் இத்தகைய முறையொன்றைச் சோதித்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவம் பெறாதவரிற் பாதிப்பேர் நோய் மீளாதிருந்த காலம் 30 திங்கள். பெற்றவரிடையே அது 44 திங்களாக நீண்டது. அவர்களுள் இறந்தோர் தொகையும் குறைந்தது. காய்ச்சல், குளிர் போன்ற தொல்லைகள் மட்டும் சற்று மிகுந்தன. நோயணுவின் மேலுள்ள அடையாளப் பொருளை அறியும்படி வெள்ளணுக்களையே மாற்றியமைக்கும் முயற்சிகளும் தொடங்கின.

நோயுற்றார்க்கு நம்பிக்கை இன்றியமையாதது. ஆயின் ஆராயாது ஊட்டும் நம்பிக்கை, அவர்தம் பொருளையும் காலத்தையும் வீணாக்கும். கண்டதைக் கண்டவாறு கூறும் நேர்மையே, அறிவியல் நோயாளருக்குச் செய்யும் முதல் தொண்டாகும்.