குளிரவைத்தால் கியூபிட் அடங்கிவிடுமா?

நம்பிக்கை: தனிச்சுழியை ஒட்டிக் குளிரவைத்தால் போதும், குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான மீகடத்தி கியூபிட்டில் இரைச்சலே இருக்காது.

உண்மை: காகிதத்தில் அப்படித்தான் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் கியூபிட்டின் ஓர் ஆற்றல் படி, வெப்பநிலையாகச் சொன்னால் சுமார் 240 மில்லிகெல்வின். குளிர்கலனோ 20 மில்லிகெல்வினில் இருக்கிறது. வெப்பத்தால் கியூபிட் தானாகக் கிளர்ந்தெழும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. அளந்து பார்க்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது: நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூடுதலாகக் காண்பதும் உண்டு. வெப்பமானி காட்டுவது உலோகத் தட்டின் குளிரை. அறை வெப்பநிலையிலிருந்து கேபிள் வழியே இறங்கும் மைக்ரோவேவ் இரைச்சல் அதற்குத் தெரியாது. வழிநெடுகத் தணிப்பான்களைப் பொருத்துவது இதற்காகத்தான்.

நம்பிக்கை: ஒத்ததிர்வி கியூபிட்டைப் படிக்கும் கருவி மட்டுமே; படிக்காத நேரத்தில் அது சும்மா கிடக்கும்.

உண்மை: தொல்லையே அங்குதான். 2004இல் யேல் பல்கலைக்கழகத்தில் வால்ராஃப், ஷோல்கோஃப் குழுவினர் கியூபிட்டையும் மைக்ரோவேவ் ஒத்ததிர்வியையும் ஒரே சில்லில் வலுவாகப் பிணைத்துக் காட்டினர். இன்று பெரும்பாலான மீகடத்திக் கியூபிட்களை அந்த வழியில்தான் படிக்கிறார்கள். ஒத்ததிர்வியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோட்டானும் கியூபிட்டின் அதிர்வெண்ணைச் சற்று நகர்த்தும். நகர்வு 1 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். வழிதவறி வந்த ஒற்றை ஃபோட்டான் 0.2 மைக்ரோநொடி தங்கிப் போனாலே கியூபிட் அலையின் கட்டம் 72 பாகை விலகிவிடும். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாததால் அந்தப் பிசகைத் திருத்தவும் வழியில்லை. இதே அளவுகளோடு, ஒத்ததிர்வியில் சராசரியாக 0.01 ஃபோட்டான் இருந்தால் கட்டம் சுமார் 30 மைக்ரோநொடியில் கரைந்துபோகும். நாம் கேட்காமலே யாரோ கியூபிட்டை அளந்துவிட்டுப் போவதற்குச் சமம் இது.

அதற்காக ஒத்ததிர்வியை வில்லனாக்குவதும் சரியல்ல. வெளியிலிருந்து வரும் பிற அதிர்வெண்களை அதுவே தடுத்தும் வைக்கிறது. வேகமாகப் படிக்க ஆசைப்பட்டு அதன் வாயை அகலத் திறந்தால், கியூபிட்டின் ஆற்றலும் அவ்வழியே கசியும். பர்செல் விளைவு எனப்படும் இக்கசிவை அடைக்கத் தனி வடிகட்டிகள் உண்டு.

நம்பிக்கை: பாதி வழியில் கியூபிட்டைப் புரட்டிப்போடும் எதிரொலித் துடிப்பு கொடுத்தால் எல்லாப் பிசகும் நேராகிவிடும்.

உண்மை: மெல்ல மாறும் காந்த இரைச்சலுக்கு அது நல்ல மருந்து. மைக்ரோநொடிக்குள் வந்து போகும் ஃபோட்டானிடம் பலிக்காது. துடிப்புக்கு முன் நடந்ததும் பின் நடப்பதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை.

நம்பிக்கை: மீகடத்தியில் மின்தடை இல்லை, ஆகவே ஆற்றல் இழப்பும் இல்லை.

உண்மை: உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடுப் படலம் ஆற்றலை உறிஞ்சும். பிரின்ஸ்டனில் மின்தேக்கியின் நியோபியத்துக்குப் பதிலாக டான்டலத்தைப் போட்டார்கள், கியூபிட்டின் மையமான ஜோசப்சன் சந்தி பழைய அலுமினியம்தான். 2021இல் வெளியான அந்த ஆய்வில் கியூபிட்டின் ஆயுள் 0.3 மில்லிநொடியைத் தாண்டியது.