அப்பாவின் துப்பாக்கிகளும் 2025 என்ற தேதியும்

"ஊர்ல ரெண்டு துப்பாக்கி விக்கணும்" என்று குவீன்ஸ்டவுனில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் சொன்னேன். எதிரில் இருந்த நண்பர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே சிங்கப்பூரில் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஆளைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால், யாரும் சாகாவிட்டாலும் தூக்கு. 1973இல் வந்த சட்டம் அது. குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள்கூடத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. "தாத்தா ஞாபகமா ஒண்ணை இங்க கொண்டாந்து சுவத்துல மாட்டலாமேப்பா" என்று மகன் கேட்டான். அந்தப் பேச்சை அன்றோடு நிறுத்தினேன்.

அப்பா கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் போட்டவர். காட்டுப்பன்றிக்கும் காட்டுமாட்டுக்கும் பயந்து மூன்று துப்பாக்கி வைத்திருந்தார், மூன்றுக்கும் லைசென்ஸ் உண்டு. முதலாவது வெப்லி அண்ட் ஸ்காட் 12 போர் ரெட்டைக்குழல், தாத்தா ஒரு வெள்ளைக்கார எஸ்டேட்காரரிடம் வாங்கியது. அடுத்தது அரசு ஆர்டினன்ஸ் தொழிற்சாலையில் செய்த ஒற்றைக்குழல். மூன்றாவதாக ஒரு .22 ரைஃபிள். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்றார்கள். அப்பா இரண்டு நாள் திட்டிவிட்டு, மறு ஆண்டே ரைஃபிளை முறைப்படி விற்றார். அதே ஆண்டு லைசென்ஸ் புத்தகத்தையும் புதுப்பித்தார். அந்தத் திருத்தத்தால் உரிமக் காலமும் 3லிருந்து 5 ஆண்டாகியிருந்தது. ஆகவே புத்தகத்தில் 2025 என்று முத்திரை விழுந்தது.

என்னைக் கவிழ்த்தது அந்த 2025தான்.

2023 ஆடியில் அப்பா போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் பீரோவைத் திறந்து இரண்டையும் பார்த்தோம். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மச்சான், புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இன்னும் ரெண்டு வருசம் இருக்குல்ல மாப்ளே, எதுக்குப் பறக்குறீங்க? பொங்கலுக்கு வாங்க, பாத்துக்கலாம்." பீரோவைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். படித்தவன், பொறியாளன், ஒரு காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் என்று பெயர் வாங்கியவன் நான்!

லைசென்ஸ் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. ஆள் போன அன்றே அதுவும் போயிற்று. புத்தகத்தில் 2025 இருந்தால் என்ன, 2050 இருந்தால் என்ன? ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை போனதும் தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைக்காவிட்டால் 25ஆம் பிரிவு, 2 முதல் 5 ஆண்டு. ஒப்படைத்தால் பொருள் பறிபோய்விடும் என்று ஊரில் பயப்படுவார்கள். அதுவும் தவறு. கெடுவுக்குள் வாரிசு அதைத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று அதே 21ஆம் பிரிவில் இருக்கிறது. கெடுவைத் தவறவிட்டால்தான் அரசுக்குப் போகும். மார்கரெட் டிரைவ் நூலகத்தில் உட்கார்ந்து இதை வரிவரியாகப் படித்தேன், எட்டு மாதம் தாமதமாக.

2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தலை அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பட்டியலோடு ஏட்டு வந்து அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா, "அவரு செத்து எட்டு மாசம் ஆச்சுங்க" என்றாளாம். பிறகு விளக்கக் கடிதம், வக்கீல், எனக்கு இரண்டு விமானப் பயணம். வழக்குப் போடாமல் விட்டார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. ஆனால் துப்பாக்கி இரண்டும் உறையில்லாமல், எண்ணெய் காணாமல் ஒரு மழைக்காலம் முழுக்க இரும்பு அலமாரியில் கிடந்தன. வெப்லியின் இடது குழலுக்குள் துரு புள்ளிபுள்ளியாக அரித்துவிட்டது. 1980களிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி தனியாருக்கு அடைபட்டுக் கிடப்பதால் பழைய இங்கிலீஷ் துப்பாக்கிக்கு நல்ல விலை. அப்பா இருக்கும்போதே 3 லட்சத்துக்குக் கேட்டவர் உண்டு. நான் விற்றது 1,10,000க்கு. வாங்கிய கடைக்காரர் துருவைக் காட்டிக் காட்டியே குறைத்தார். எனக்கும் வாதாடத் தெம்பில்லை.

மற்றதெல்லாம் சாதாரண வேலை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். என்னால் நிற்க முடியாத நாட்களுக்காக அக்காவுக்கு ஒரு பவர், கிரேஞ்ச் சாலை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கியது. அது இந்தியா போய்ச் சேர்ந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். விற்கப்போவதாக எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரின் புத்தகத்தில் அந்த ரகத் துப்பாக்கிக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டாக்களையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு 17, ஊறுகாய் ஜாடியில் இருந்தன!

நீங்களே ஏன் வாரிசு லைசென்ஸ் வாங்கவில்லை என்று தேக்காவில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டவன், மலையில் பன்றி விரட்டப் போவதில்லை. அக்காவுக்கு அந்தச் சாமானை வீட்டில் வைக்கவே பிடிக்காது. விற்றதில் எனக்கு வருத்தமில்லை, விற்ற விதத்தில்தான். மச்சானுக்கு அந்த வெப்லி மேல் முன்பே ஒரு கண் இருந்தது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒத்திப்போட்டுக்கொண்டே போனால் தன் பெயருக்கு எழுதி வாங்கலாம் என்று நினைத்திருப்பார். கேட்டால் சத்தியம் செய்து மறுக்கிறார். மறுக்கட்டும்.

நீங்களும் என்னைப்போல்தான் இருப்பீர்கள்: இங்கே வீவக வீடு, ஊரில் வயதான அப்பா, சாவி யாரோ ஒரு மச்சான் கையில். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆம் விதிப்படி, உரிமக்காரருக்கு 70 வயது ஆனாலோ துப்பாக்கி வைத்து 25 ஆண்டு ஆனாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே தான் குறிப்பிடும் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம். வாரிசுக்கு வேண்டாம் என்றால், அவர் கையெழுத்திலேயே விற்றுவிடலாம். என் அப்பா அந்த ரைஃபிளை விற்றது அப்படித்தான், ஒரு பைசா குறையாமல். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது புத்தகத்தில் உள்ள எண்ணையும் துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எண்ணையும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். தேதியை அப்புறம் பார்க்கலாம்.