இந்த மாதப் பாடம்: ராணுவ அதிகாரி தேர்வு எழுதும் நம் பிள்ளைகள்



குழுக் கூட்டங்களுக்கு வரும்போது தாய்மார்கள் சிலர் எங்களிடம் ஒரே மாதிரி கேட்கிறார்கள். "பொண்ணு மிலிட்டரி ஆபீசர் பரீட்சைதான் எழுதுவேன்னு நிக்கிறா. ஒரு தடவை எழுதி வரல. மறுபடி எழுத விடலாமா, இல்ல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுடலாமா?" இந்தக் கேள்விக்காகவே இந்தப் பாடம்.

புனேவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா என்ற ஊரில் தேசிய பாதுகாப்பு அகாடமி இருக்கிறது. என்.டி.ஏ. என்பார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் வருங்கால அதிகாரிகளுக்கு அங்கே 3 வருடம் பயிற்சி. பல காலம் பையன்களை மட்டுமே சேர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் பெண்களும் தேர்வு எழுத முடிந்தது. அந்த வருடம் நவம்பர் தேர்வுக்கு 1 இலட்சத்து 77 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மனு போட்டார்கள். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் சுமார் 1,000 பேர். பெண்களுக்கு இருந்த இடமோ 19தான். அந்த முதல் அணியில் 17 பேர் 2025 மே 30ஆம் தேதி பயிற்சி முடித்து அணிவகுத்து வெளியே வந்தார்கள்.

இந்தக் கணக்கை பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். இடம் கிடைக்காத அத்தனை பேரும் மக்குப் பிள்ளைகளா? நேர்முகத்தில் தேறி, உடல் தகுதியிலும் சரி என்று வந்து, கடைசி மதிப்பெண் பட்டியலில் இடம் போதாமல் திரும்புகிறவர்களும் உண்டு. ஆகவே "உன்னால முடியல" என்று சொல்லாதீர்கள். எந்தக் கட்டத்தில் நின்றது என்று கேளுங்கள். அதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

எழுத்துத் தேர்வில் நின்றிருந்தால்

இரண்டு தாள். கணக்கு 300 மதிப்பெண், ஆங்கிலமும் பொது அறிவும் சேர்ந்த தாள் 600 மதிப்பெண். தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். தெரியாததை குருட்டாம்போக்கில் குறித்தால் சேர்த்து வைத்ததும் போகும்.

கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வரும். தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான் என்பது எங்கள் அபிப்பிராயம். நிகழ்தகவு கணக்கு தெரியும், ஆனால் 'ப்ராபபிலிட்டி' என்று கேட்டால் முழிக்கிறாள். அணி தெரியும், 'மேட்ரிக்ஸ்' தெரியாது. ஒரு நோட்டுப் போட்டு கணக்குப் புத்தகத்துச் சொற்களை இரண்டு மொழியிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பழைய கேள்வித்தாள்களை யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் காசில்லாமல் எடுக்கலாம்.

எந்தக் குரூப் எடுத்து பிளஸ் டூ படித்தாலும் தரைப்படைக்கு எழுதலாம். விமானப்படை, கடற்படைக்கு இயற்பியல், வேதியியல், கணக்கு வேண்டும். கணக்குத் தாளை மட்டும் எல்லோருமே எழுதித்தான் ஆக வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை தேர்வு. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வரை. அதனால் நாலைந்து வாய்ப்பாவது கிடைக்கும். முதல் தடவையோடு கதவு சாத்திவிடாது. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்பதும் விதி, மாப்பிள்ளை பார்க்கும் அவசரத்தில் இதை மறக்க வேண்டாம்.

நேர்முகத்தில் நின்றிருந்தால்

எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் இரண்டு வாரத்துக்குள் தரைப்படையின் ஆள்சேர்ப்பு இணையதளத்திலும் பதிய வேண்டும். இது தெரியாமல் போனால் பட்ட பாடெல்லாம் வீண். பிறகு 5 நாள் தேர்வு. இதற்கு 900 மதிப்பெண். முதல் நாளிலேயே பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படம் காட்டி கதை எழுதச் சொல்வார்கள். 60 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி 15 நொடிக்குள் மனதில் பட்டதை எழுதச் சொல்வார்கள். பலகை, கயிறு, பாரம் கொடுத்து, குழுவாகச் சேர்ந்து தடையைத் தாண்டச் சொல்வார்கள்.

இங்கே மனப்பாடம் உதவாது. நாலு பேரோடு ஒத்துப் போகிறாளா, மற்றவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறாளா, பொறுப்பை எடுத்துக்கொள்கிறாளா என்றுதான் பார்க்கிறார்கள். நம் குழுவில் கடன் யாருக்கு முதலில் என்று பேசி முடிவெடுக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான்! பிள்ளையை குழுக் கூட்டத்துக்கு அழைத்து வந்து தீர்மானம் வாசிக்க விடுங்கள், வரவு செலவு சொல்ல விடுங்கள். கூச்சம் போகும். காலையில் ஓட்டமும் வேண்டும். ஓட இடமில்லை, ஊர் பேசும் என்றால் இரண்டு மூன்று பிள்ளைகளாகச் சேர்த்து விடுங்கள், ஒரு அம்மா கூடப் போகலாம்.

பல், காது, எடை போன்ற சில குறைகளுக்கு சரி செய்து வர அவகாசம் தருவார்கள். முன்கூட்டியே அரசு மருத்துவமனையில் காட்டிவிடுவது நல்லது.

பணம் விஷயம்

பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்தில் பதியும் கூலி மட்டும்தான். "பரீட்சை பீஸ்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். தேர்வானால் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, உடுப்பு எல்லாம் அரசு செலவு. கைச்செலவு மட்டும் நம்முடையது.

"எனக்கு ஆள் தெரியும், சீட் வாங்கித் தரேன்" என்று வருகிறவனுக்கு உள்கடன் எடுத்துக் கொடுக்கவே கூடாது. இந்தத் தேர்வில் விலைக்கு இடம் இல்லை. கோச்சிங் சென்டருக்குக் கடன் கேட்டு மனு வந்தால், பிள்ளை பழைய கேள்வித்தாள் நாலைந்தை வீட்டிலேயே நேரம் வைத்து எழுதிப் பார்த்தாளா என்று குழு முதலில் கேட்கலாம். எந்தப் பாடத்தில் குறைகிறது என்று தெரிந்த பிறகு எடுக்கிற கடன் வேறு, தெரியாமல் எடுக்கிற கடன் வேறு.

வயது தாண்டிவிட்டால்

டிகிரி முடித்து சி.டி.எஸ். தேர்வு எழுதலாம். அதில் தேறும் பெண்களுக்குப் பயிற்சி நம் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் கிடைக்கும். 1992 முதல் பெண்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். கல்லூரியில் என்.சி.சி. 'சி' சான்றிதழ் வாங்கியவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்முகத்துக்குப் போகும் வழியும் உண்டு. அதனால் கல்லூரியில் சேர்த்தால் கனவு போச்சு என்று பிள்ளை அழ வேண்டியதில்லை. என்.சி.சி.யில் முதல் வருடமே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளை இருந்தால் உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் 6ஆம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும்.

பிறந்த தேதிக்கு பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதைத்தான் எடுப்பார்கள். அதிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், தேதி ஒத்திருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். மாறியிருந்தால் அடுத்த கூட்டத்துக்கு இரண்டின் நகலையும் கொண்டு வாருங்கள், எங்கே மனு கொடுப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.