அழுகைக்கும் ஒரு வழி வேண்டும்



செத்தவீட்டுக்கு உறவும் அயலும் திரண்டு வருகின்றன. எட்டாம் நாள் போகிறது. முப்பத்தோராம் நாள் பூசையும் முடிகிறது. அதன்பின் படலையைத் திறந்து வருவோர் குறைவு. "இனி அழுது என்ன பயன்? மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நாமும் நம் வேலையைப் பார்க்கிறோம். எப்படித் தேற்றுவது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இவ்வாரம் அதைச் சிந்திப்போம்.

துக்கம் உடலிலும் தங்கும்

யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் நம் மக்கள் மனதில் விழுந்த காயங்களைப் பற்றி 1998இல் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். நம்மவர் பலர் மருத்துவரிடம் போய் "மனம் நோகிறது" என்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சடைப்பு, உடம்பு உளைவு என்றே முறையிடுகிறார்கள். வாய் சொல்லாததை உடல் சொல்கிறது. ஆகவே ஆறுதலும் காதுவழி மட்டும் வந்தால் போதாது. கையும் காலும் குரலும் அதில் பங்குபெற வேண்டும். ஒப்பாரி, சடங்குகள், செபமாலை போன்ற மரபு வழிகளின் பயனை அம்மருத்துவரும் எடுத்துக் காட்டினார்.

எம்மாவு வழியில்

லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். துயருற்ற சீடர் இருவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. எருசலேமிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீற்றர் தூரம் எம்மாவுக்கு நடக்கிறார்கள். ஆண்டவரும் கூட நடக்கிறார். என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் அவர்களையே சொல்லவிடுகிறார். அவர்கள் சொல்லி முடித்த பின்னரே விளக்கம் தருகிறார். நாமோ செத்தவீட்டில் கேட்பதற்கு முன்பே போதிக்கத் தொடங்கிவிடுகிறோம்! கூட நடந்து, முதலில் கேட்டு, பிறகு பேசுவதே ஆண்டவர் காட்டிய முறை.

முன்னோர் வைத்த வழிகள்

இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். ஒப்பாரியில் பெண்கள் தோள்மேல் தோள் போட்டு, மாரடித்து, இறந்தவரின் குணத்தையும் தங்கள் குறையையும் சொல்லி அழுதார்கள். சவுலும் யோனத்தானும் மடிந்தபோது தாவீது புலம்பல் பாடி, அதை யூதா மக்களுக்குக் கற்பிக்கவும் கட்டளையிட்டார் (2 சாமு. 1:17-18). இன்று படித்தவர்கள் ஒப்பாரியை நாகரிகக் குறைவு என்று எண்ணுகிறோம். ஒலிபெருக்கி அழுகிறது, வீட்டார் வாயடைத்து நிற்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. மரியன்னையின் துயரைக் கேட்ட தாய்மார் தங்கள் துயருக்கும் சேர்த்தே அழுதார்கள். சிலுவைப்பாதையில் பதினான்கு முறை நின்று, முழந்தாளிட்டு, எழுந்து நடக்கிறோம். துயரத்தில் நிற்கவும் வேண்டும், எழும்பவும் வேண்டும் என்பதை உடலுக்கே கற்பிக்கும் பாடம் அது.

பாசையூர், குருநகர், நாவாந்துறை போன்ற கரையோரப் பங்குகளில் கூத்து வளர்ந்தது. மனைவியையும் மக்களையும் இழந்து அலைந்து, மீண்டும் கண்ட எஸ்தாக்கியாரின் கதை, கடலுக்குப் போனவரை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களுக்கு வெறும் பொழுதுபோக்கா? 1965இல் மரிய சேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், போர்க் காலத்திலும் திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றியது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், மேடையில் மகனைப் பறிகொடுத்த தாயைக் கண்டாள்.

கைகள் செய்யும் வேலை

யோப்பாவில் தொற்காள் இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளைப் பேதுருவுக்குக் காட்டினார்கள் (தி.ப. 9:39). அன்பு செய்த வேலை அழுகைக்குத் துணைநின்றது. மட்டக்களப்பில் இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் அடிபட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், நடித்தார்கள். பிள்ளைக்குச் சொல்லத் தெரியாததை அதன் கை சொல்லிவிடும்.

கல்லறை இல்லாத துயரம்

1995 யூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமிருந்த மக்கள் குண்டுவீச்சில் மாண்டார்கள். அவ்வாண்டு ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. மூன்றாம் நாள் வந்தது மரித்தோர் தினம். புதைத்த இடத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றவும் அவர்களுக்கு வழியில்லாமற் போயிற்று.

காணாமற்போனோரின் வீட்டில் இன்னும் கடினம். அங்கே உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. "பூசை வையுங்கள், மறந்துவிடுங்கள்" என்று அவர்களை வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் பிள்ளைகளின் படத்தை ஏந்தி வீதியில் அமர்ந்த தாய்மார் நீதி கேட்டார்கள். தங்கள் துயருக்கும் ஓர் இடம் தேடினார்கள். பாட்டும் கூத்தும் உண்மைக்குப் பதிலாகா. உண்மை வரும்வரை ஒருவர் உடைந்து போகாமல் நிற்க அவை உதவும்.

வீட்டில் செய்யக் கூடியவை

1. துயருற்றவரைத் தனியே கோயிலுக்கு அனுப்பாதீர்கள். கூட நடந்து போங்கள்.

2. "ஆம்பிளை அழக்கூடாது" என்ற சொல்லை வீட்டிலிருந்து விலக்குங்கள். அடக்கிய அழுகை சிலரைச் சாராயத்திடம் கொண்டுபோய் விடுகிறது.

3. பிள்ளைகள் படம் கீறட்டும். அது அழகா என்று பாராமல், அதிலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

4. இறந்தவர் நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அவர் சமைத்த கறியை அவருடைய நினைவுநாளில் சமையுங்கள். அவர் பாடிய பாட்டைப் பாடுங்கள்.

5. மாதங்கள் கடந்தும் உறக்கமும் உணவும் இல்லையென்றால், அல்லது சாவை நாடும் பேச்சு எழுந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

இலாசருவின் கல்லறையருகே ஆண்டவர் கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் அவனை உயிர்ப்பிக்கப் போகிறவர், அதற்கு முன் அழுதார். உயிர்ப்பை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்று சொல்ல நாம் யார்?

குடும்பமாகச் சிந்திக்க: நம் ஒழுங்கையில் முப்பத்தோராம் நாள் கடந்துவிட்ட வீடு எது? இந்த வாரம் அங்கே போகப்போவது யார்?