நம்பி நிறுவும் முன்

அன்பு மருமகளுக்கு,

மாமன் எழுதுகிறேன். மாதிரி வினாத்தாளைத் தமிழில் தேடப்போய், ‘டவுன்லோடு’ என்று பச்சையாக மினுங்கிய பொத்தானைத் தொட்டதும் ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று திரை நிறைய எச்சரிக்கை வந்ததாக எழுதியிருந்தாய். விளம்பரத்தையும் வைரஸையும் தடுக்க எந்த ஆப்பைப் போடலாம் என்றும் கேட்டிருந்தாய். ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இன்று நல்லதாக இருக்கிற ஆப் நாளை வேறொருவர் கைக்குப் போகலாம். தேர்ந்தெடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டால் அது உனக்கு நெடுநாள் உதவும்.

முதலில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன. உன் பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் உன் பாடத்திட்டம் கேரளத்துடையது, படிக்கும் மொழி தமிழ். தமிழில் தேடினால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கான குறிப்புத் தளங்களே வரிசையாக வந்து நிற்கும். வேண்டியது கிடைக்காமல் தளம் தளமாகத் தாவும்போதுதான் போலிப் பொத்தான்களில் விரல் படுகிறது. பாடநூல் வேண்டுமென்றால் கேரள எஸ்சிஇஆர்டி தளத்துக்கு நேரே போ. தமிழ்வழிப் புத்தகங்களை அவர்களே தருகிறார்கள். எஸ்எஸ்எல்சி முடிவுக்கு பரீட்சாபவனும் கைட் நிறுவனமும் நடத்தும் அரசுத் தளங்கள் போதும். அறியாத தளத்துக்குப் போகாமல் இருப்பதே பாதி பாதுகாப்பு.

மீதிப் பாதிக்குத்தான் விளம்பரத் தடுப்பான். அது எதைத் தடுக்கிறது என்பதைப் புரிந்துகொள். நீ ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்தத் தளம் மட்டும் உன் போனோடு பேசுவதில்லை. விளம்பரம் போடும் நிறுவனம், வருகையைக் கணக்கெடுக்கும் நிறுவனம், சமூக ஊடக நிறுவனம் என்று வேறு பலரும் அதே பக்கத்தின் வழியாக உள்ளே வருகிறார்கள். ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களில் இருப்பதால், நீ காலையில் படித்ததையும் மாலையில் தேடியதையும் அது ஒன்றாகக் கோத்துவிடும். இந்த வேலையைச் செய்யும் நிரல்களைத்தான் டிராக்கர் என்கிறோம்.

விளம்பரம் வழியாகவே தீநிரலும் வரும். 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களிலேயே நச்சு விளம்பரங்கள் நுழைந்து, வாசகர்களின் கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல்களைப் பரப்ப முயன்றன. அந்தத் தளங்கள் தவறு ஏதும் செய்யவில்லை. விளம்பர இடத்தை ஏலம் எடுத்தவர்களுக்குள் திருடர்களும் இருந்தார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடுபொறி விளம்பரங்களில் மோசடிக்காரர்கள் நிறுவனங்களின் பெயரைப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று எச்சரித்து, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தும்படி பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே இது தொந்தரவைக் குறைக்கும் வசதி மட்டுமல்ல, பாதுகாப்பும்தான்.

அமரவிளை சோதனைச்சாவடியில் கலால் துறையினர் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பதை நீ அறிவாய். தடுப்பானும் அப்படித்தான். பிரவுசர் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நிறுத்தி, கையிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, விளம்பர முகவரி என்றால் திருப்பி அனுப்பிவிடும். 2005-இல் தொடங்கிய ஈஸிலிஸ்ட் இத்தகைய பட்டியல்களில் புகழ்பெற்றது. தன்னார்வலர்கள் இன்றும் அதைப் புதுப்பித்து வருகிறார்கள். சாவடியில் நிற்பவர் எல்லா வண்டிகளின் உள்ளேயும் பார்க்கிறார் அல்லவா? தடுப்பானும் நீ திறக்கும் எல்லாப் பக்கங்களையும் பார்க்கிறது. ‘எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்டுத்தான் அது உள்ளே வருகிறது. அந்த அனுமதியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் உன் கேள்வியின் மையம்.

அனுமதி கெட்டவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நடந்தவையே சான்று. 2017-இல் குரோம் கடையில் ‘ஆட்பிளாக் பிளஸ்’ என்ற அதே பெயரில் ஒரு போலி இருந்தது. கண்டுபிடிக்குமுன் 37,000 பேர் அதை நிறுவியிருந்தார்கள். 2018-இல் ஆட்கார்டு நிறுவனம் கண்டறிந்த போலித் தடுப்பான்களை நிறுவியவர்கள் இரண்டு கோடிக்கும் மேல். 2020 அக்டோபரில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. நானோ ஆட்பிளாக்கர் ஒரு நல்ல கருவி. அதை உருவாக்கியவர் வேறு சிலருக்கு விற்றார். வாங்கியவர்கள் அடுத்த அப்டேட்டிலேயே தரவு திருடும் நிரலைச் சேர்த்தார்கள். நிறுவியிருந்தவர்கள் எதையும் அமுக்கவில்லை; கருவி தானாகவே கெட்டதாக மாறிவிட்டது. வைரஸ் தடுப்புக்குப் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனமும், பயனர்கள் எந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற தகவலைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. அதற்காக 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 1.65 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

எனவே எதையும் நிறுவும் முன் மூன்று கேள்விகள் கேள். இதைச் செய்பவர் யார், அவர் பெயர் வெளிப்படையாகத் தெரிகிறதா? அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இதன் நிரல் யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்திருக்கிறதா? மூன்றாவது கேள்வி உனக்குப் புதிதல்ல. கேரளப் பள்ளிக் கணினிகளில் ஓடும் கைட் லினக்ஸ், திறந்த மூல நிரல்தான். உன் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் மன்றம் இருந்தால், ‘திறந்த மூலம்’ என்றால் என்ன என்று அதன் ஆசிரியரிடமே கேள். அவர் மகிழ்ச்சியோடு சொல்லித்தருவார்.

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் தருவது யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்பவர் 2014-இல் தொடங்கியது. இலவசம், நிரல் திறந்தது, நன்கொடைகூட அவர் வாங்குவதில்லை. ஆனால் ‘யூபிளாக்’ என்று மட்டும் பெயர் கொண்ட இன்னொன்று இருக்கிறது. அது வேறு ஆட்களுடையது. ‘ஆரிஜின்’ என்ற சொல்லையும் செய்தவர் பெயரையும் சேர்த்துப் பார். ஆட்பிளாக் பிளஸ்ஸும் பழைய கருவிதான். ஆனால் 2011 முதல் ‘ஏற்கத்தக்கவை’ என்று சில விளம்பரங்களை அனுமதிக்கிறது, பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணமும் செலுத்துகின்றன. இரண்டாவது கேள்விக்கான பதில் தெரிந்தபின் நீயே முடிவெடு.

ஆண்ட்ராய்டு போனில் குரோம், பிரவுசரோடு சேரும் துணைநிரல்களான எக்ஸ்டென்ஷன்களை ஏற்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கும். அதை நிறுவி, அதன் சொந்த ஆட்-ஆன் பட்டியலிலிருந்து யூபிளாக் ஆரிஜினைச் சேர். அம்மாவின் கணினியில் குரோம்தான் என்றால், கூகுள் விதிகளை மாற்றியதால் பழைய யூபிளாக் ஆரிஜின் அதில் இப்போது ஓடாது. ஆரிஜின் லைட் என்ற சிறிய வடிவம் ஓடும். ஒன்று போதும். மூன்று தடுப்பான்களைப் போட்டால் பாதுகாப்பு மூன்று மடங்காகாது. உன் பக்கங்களைப் படிக்கும் அனுமதிதான் மூன்று பேருக்குப் போகும்.

போன் முழுவதற்கும் ஒரு காப்பு வேண்டுமானால், ஆண்ட்ராய்டு 9-உம் அதற்குப் பிந்தையதும் உள்ள போன்களின் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒன்று இருக்கும். தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித்தரும் சேவை அது. சுவிட்சர்லாந்தில் பதிவான குவாட்9 என்ற லாபநோக்கற்ற அமைப்பின் முகவரியை அங்கே இட்டால், தீங்கானது என்று தெரிந்த தளங்கள் பெரும்பாலான ஆப்புகளிலிருந்து திறக்காது. ஆனால் விளம்பரங்களை அது தடுப்பதில்லை.

எந்தத் தடுப்பானாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. வாகன அபராதம் என்று சொல்லி, அரசின் வாகனச் சேவையான பரிவாகன் பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த போலி ஏபிகே (ஆப் நிறுவும்) கோப்புகளால் கேரளத்தில் பலர் பணம் இழந்தார்கள். அவற்றை நிறுவுவது நம் விரல்தான். எந்தப் பட்டியலும் குறுக்கே வந்து நிறுத்தாது. ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் எந்த ஆப் கோப்பையும் திறக்காதே. போனின் அப்டேட்டைத் தள்ளிப்போடாதே. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால், பணம் கைமாறுமுன் முடக்கிவைக்க வழியுண்டு.

விளம்பரத்தைத் தடுப்பது சரியா என்ற கேள்வியும் உனக்கு வர வேண்டும். சிறு பத்திரிகைகளும் உள்ளூர்ச் செய்தித் தளங்களும் விளம்பரத்தால்தான் வாழ்கின்றன. நீ மதிக்கும் தளத்தில் தடுப்பானை அணைத்துவைக்கலாம். அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் உன்னைப் பின்தொடர்வது வேறு விஷயம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடைசெய்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. தடுப்பானைப் போடும்போது நீ கேட்பது சலுகையல்ல, சட்டமே உனக்குத் தர முன்வந்திருக்கும் உரிமை.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன், மக்களே. நம் வீடுகளில் பெரியவர்கள் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மலையாளம் பேசுவார்கள், எழுத்துக் கூட்டுவது சிரமம். ஆங்கிலம் அதைவிடச் சிரமம். புரியாத மொழியில் அனுமதி கேட்டால், திரையை விட்டு அது போனால் போதும் என்று ‘ஓகே’ அமுக்கிவிடுவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனையும் பாட்டியின் போனையும் எடுத்து, மொழியைத் தமிழுக்கு மாற்று. ஆப்புகளையும் எக்ஸ்டென்ஷன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த மூன்று கேள்விகளையும் கேள். பதில் இல்லாதவற்றை, அவர்களிடம் காரணம் சொல்லி, நீக்கு. நீக்கியவற்றின் பெயர்களை எழுதி எனக்கு அனுப்பு. ஒவ்வொன்றைப் பற்றியும் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமன்