தங்க எழுத்து அட்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

அன்புள்ள அண்ணன் மகளுக்கு,

எம்.பி.ஏ. சுற்றுலா மாணவர்களின் ப்ராஜெக்ட் கட்டு முதன்முதலாக உன் மேசைக்கு வந்துவிட்டதாக அண்ணன் போனில் சொன்னார். தங்க எழுத்து பொறித்த கெட்டி அட்டை, நாலு பக்க நன்றியுரை, பிறகு 'சுற்றுலா என்றால் என்ன' என்று ஓர் அத்தியாயம். முப்பது வருடம் இதே கட்டுகளோடு மல்லுக்கட்டிய சித்தப்பாவுக்குப் பிரிக்காமலே தெரியும்: பாதிப் பேரின் முடிவுரையில் கழிப்பறை வசதி போதாது என்று இருக்கும். போதாதுதான். அதைச் சொல்ல முதுநிலைப் பட்டம் எதற்கு?

முன்னுரையில் வரும் எண்ணை முதலில் தட்டிப் பார். 2019-இல் தமிழகத்துக்கு 49 கோடிக்கு மேல் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள் என்று வரிசையாக எழுதுவார்கள். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவர ஏட்டில் இருக்கும் எண்தான் அது. 2011 கணக்கெடுப்புப்படி நாட்டின் மொத்த மக்களே 121 கோடி, தமிழகத்தில் 7.21 கோடி. இந்தியாவில் ஐந்து பேருக்கு இரண்டு பேர் அந்த ஒரே வருடத்தில் இங்கே வந்து போனார்களா? அந்த அட்டவணையின் தலைப்பிலேயே விடை இருக்கிறது. எண்ணியது வருகைகளை, ஆட்களை அல்ல. மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று ஊர் ஊராகத் தங்கிப் போகும் ஒரே குடும்பம் ஒவ்வோர் ஊர்க் கணக்கிலும் மறுபடி விழும். 'பயணிகள்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'வருகைகள்' என்று எழுதிய மாணவன் கிடைத்தால், அவன் பெயரைத் தனியே குறித்து வை.

கேள்வித்தாளிலும் ஆசிரியரின் குற்றம் உண்டு. 'மிகைச்சுற்றுலாவை வரையறு' என்று கேட்டால் இணையத்தில் கிடைப்பதுதான் விடைத்தாளில் வரும். இப்போது சாட்ஜிபிடி அதை இன்னும் வழவழப்பாக எழுதித் தந்துவிடுகிறது. அதற்குப் பதில் ஊட்டியைக் கேள்வியாகக் கொடுத்துப் பார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. வரம்பு வண்டிக்கு. வண்டிக்குள் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு வைக்கவில்லை. இதைத் தானாகக் கண்டுகொள்கிறவருக்குப் பாதி மார்க்கை அங்கேயே போடலாம். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வாங்கியது. இரவு தங்குகிறவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. அங்கே காசு, இங்கே எண்ணிக்கை. இரண்டில் எது லாட்ஜ்காரருக்கு நல்லது, எது வர்க்கி விற்கிறவருக்கு நல்லது? இதற்கு யார் எழுதிக் கொடுத்தாலும் மாணவர் ஒருமுறையாவது ஊட்டி சேரிங்கிராஸில் நின்றிருக்க வேண்டும்.

பட்லரின் வளைகோடு என்று ஒன்று எல்லா அறிக்கையிலும் இருக்கும். ஓர் ஊர் சுற்றுலாத் தலமாகப் பிறந்து, வளர்ந்து, தேங்கி, சரிவதையோ மறுபடி துளிர்ப்பதையோ காட்டும் 1980-ஆம் வருடத்துப் படம். ஊட்டியைத் 'தேக்கம்' என்ற இடத்தில் ஒட்டியிருப்பார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வி போதும்: "கீழே படுத்திருக்கிற கோட்டில் எந்தெந்த வருடம் குறித்திருக்கிறாய்?" பெரும்பாலும் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

இனி சித்தப்பாவின் தப்பு. பல வருடங்களுக்கு முன் ஒரு பெண் மாமல்லபுரம் பற்றி அறிக்கை கொடுத்தாள். ஸ்பைரல் பைண்டிங், தடுமாறும் ஆங்கிலம், மாதிரி அளவு இல்லை, கை-ஸ்கொயர் சோதனை இல்லை. இன்டர்னலில் சித்தப்பா சிவப்பு மையால் குறைத்துத் தள்ளிவிட்டார். வைவா அன்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "எங்கே நின்று பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார். அவள் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். கல் தூசி அப்பிய அட்டை. கல் தட்டும் பட்டறைகளின் வாசலில் நாள் கணக்காக உட்கார்ந்து, எந்த வேன் எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, ஓட்டுநருக்கு டீ வாங்கிக் கொடுத்தது யார் என்று பென்சிலில் கோடு போட்டு வைத்திருந்தாள். அர்ச்சுனன் தபசு முன்னால் நின்ற நேரத்தைவிடக் கடை வாசலில் நின்ற நேரம் அதிகம். எந்தக் கடை என்று முடிவு செய்தது பயணி இல்லை, ஓட்டுநர். நூறு பேரிடம் 'திருப்தியா' என்று ஐந்து கட்டத்தில் டிக் வாங்கியிருந்தால் இது வந்திருக்காது. வந்தவர் நோட்டை மூடவே இல்லை. சித்தப்பா போட்ட மார்க்கோ அதற்குள் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதனால் அறிக்கையோடு களக்குறிப்பு நோட்டையும் கேட்டு வாங்கு. சந்தேகம் வந்தால் நூற்பட்டியலில் மூன்று தலைப்பைத் தேடிப் பார். பிறக்காத புத்தகங்கள் இப்போது நிறைய உலவுகின்றன. இங்கிலீஷ் பிழைக்கென்று ஒரு சிறு பங்கைத் தனியே ஒதுக்கு, அது மற்ற மார்க்கைத் தின்ன விடாதே. 'நன்று', 'முயற்சி தேவை' என்றெல்லாம் எழுதிப் பயனில்லை. எந்தப் பக்கம், எந்த வரி என்று காட்டு.

ஊட்டிக் கேள்வியைக் கொடுத்தால், வருகிற விடைகளில் ஒன்றிரண்டைப் பெயரை மறைத்து இங்கே அனுப்பி வை. சித்தப்பாவுக்கும் பொழுது போகும்.

அன்புடன்,
சித்தப்பா